மன்னாரில் தாலுகா இல்லை

‘தாலுகா’ என்ற சொல்லை ஜெயகௌரி கொஞ்சக் காலமாகவே வெறுத்துவந்தாள். அந்தச் சொல் அவளுக்குப் போன வருடம் வரை ஒரு கெடுதலும் செய்ததில்லை. தமிழ்நாட்டில் அகதி முகாமில் வளர்ந்தபோது அது அவளுடைய பள்ளிச் சான்றிதழில் இருந்தது, கல்லூரி விண்ணப்பத்தில் இருந்தது. கிராமம், தாலுகா, மாவட்டம் என்று மூச்சுவிடாமல் எழுதிப் பழகிய கை அவளுடையது. அந்தக் கைதான் போன வருடம் மன்னாரில் நடந்த நேர்முகப் பரீட்சையில், வெண்பலகையில், கேள்வி கேட்க இருந்தவர்களின் முன்னாலேயே அதே சொல்லை எழுதிவைத்துவிட்டு வந்தது.

இலங்கையில் தாலுகா கிடையாது. கிராம சேவையாளர் பிரிவு உண்டு, பிரதேச செயலாளர் பிரிவு உண்டு, மாவட்டம் உண்டு. மூன்று வயதில் வள்ளத்தில் கடல் கடந்து போய், படித்து முடித்துத் திரும்பிவந்து இரண்டொரு மாதமே ஆகியிருந்தவளுக்கு அது அறையில் வைத்து உறைக்கவில்லை. முருங்கனுக்குத் திரும்புகிற பஸ் பாலத்தைத் தாண்டும்போதுதான் உறைத்தது. இரண்டு பக்கமும் கடல் பளபளத்துக்கொண்டு கிடக்க, அவள் தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டாள்.

“என்ன பிள்ளை, நுளம்பு கடிச்சதோ?” என்று கேட்டாள் பக்கத்திலிருந்த மனிசி.

வேலை கிடைக்கவில்லை. கடிதம் வரவில்லை, போன் வரவில்லை. காரணம் அந்த ஒரு சொல்தான் என்று ஜெயகௌரி முடிவுகட்டிவிட்டாள். முகாமில் அவளைச் சிலோன்காரி என்றார்கள். இங்கே கிணற்றடியில் இந்தியாக்காரி என்கிறார்கள். அந்தப் பலகையில் அவளே தன்னைப் பற்றி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தது போலிருந்தது. சோறு வடிக்கும்போது, உடுப்புத் தோய்க்கும்போது, பூசையில் முழங்காலில் நிற்கும்போது, எங்கிருந்தோ அந்த மூன்று எழுத்தும் வந்து முன்னால் நிற்கும். அவள் முகம் சூடாகிவிடும்.

வேலை கரையோர மீள்வாழ்வு நிறுவனத்தில். போர் முடிந்து ஊர் திரும்பியவர்களில் யார் யாருடைய குடும்பம், யாருக்கு எங்கே காணி, யாருக்கு வீடு கிடைத்தது, யார் இன்னும் தகரக் கொட்டிலில் என்பதையெல்லாம் கணினியில் எந்த ஒழுங்கில் வைப்பது, எதை எதோடு தொடுப்பது என்று திட்டம் போடுகிற ஆள் அவர்களுக்குத் தேவை. விளம்பரத்தில் ‘தரவுக் கட்டமைப்பாளர்’ என்று போட்டிருந்தார்கள். அம்மா மேரி ரோஸ் அயலட்டைக்கு அதை “கொம்பியூட்டருக்குள்ள வீடு கட்டுற வேலை” என்று விளங்கப்படுத்தியிருந்தாள். அது அப்படியொன்றும் பிழையில்லை என்றுதான் ஜெயகௌரிக்குப் பட்டது.

அவள் அன்று பலகையில் கீறியதும் தன் வீட்டைத்தான். திரும்பிவந்த ஒரு குடும்பத்தை எப்படிப் பதிவது என்று கீறிக் காட்டச் சொன்னபோது அவளுக்கு வேறு குடும்பம் ஞாபகம் வரவில்லை.

அப்பா செபமாலை பேசாலை ஆள். அம்மா முருங்கன். இங்கத்தைய வழக்கத்தில் வீடும் வளவும் பெண்ணுக்குத்தான் சீதனமாகப் போகும். கலியாணம் கட்டின மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பான். அப்பாவும் அப்படித்தான் முருங்கனுக்கு வந்தார். ஆனால் திரும்பிவந்த அன்று பதிந்தவர்கள் கேட்டது, குடும்பத் தலைவர் யார், அவருடைய சொந்த ஊர் எது என்பதை மட்டும். செபமாலை, பேசாலை. பிறகென்ன? பேசாலையில் குடும்பம் இருந்தது, காணி இல்லை. முருங்கனில் காணி இருந்தது, குடும்பம் இல்லை. இரண்டு இடத்திலும் வீட்டுத் திட்டத்தில் பெயர் இல்லை என்றார்கள். கணினியின்படி யாருமே இல்லாத ஒரு வளவில், தகரத்துக்குக் கீழே, மூன்று பேரும் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

இவர்கள் மட்டுமல்ல. பெண்ணுக்கு வீடு கொடுக்கிற ஊர்களெல்லாம் அந்தக் கணினிக்குள் தலைகீழாகத் தொங்கின.

ஜெயகௌரி பலகையில் ஆட்களைத் தனியாக, குடும்பத்தைத் தனியாக, காணியைத் தனியாகக் கீறினாள். குடும்பத்துக்கு ஒரு தலைவர் இருக்கட்டும், காணிக்கு ஒரு சொந்தக்காரி இருக்கட்டும், இரண்டும் ஒரே ஆளாக இருக்கவேண்டும் என்று யார் சொன்னது? அவற்றுக்கிடையே கோடுகளை இழுத்தபோது, காற்றில் சிக்கிக் கிடந்த வலை ஒன்று மெல்லப் பிரிந்து நேராவது போல அவளுக்கு ஒரு மயக்கமான சந்தோசம் வந்தது. நடுவில் இருந்த பெரியவர், கொழும்பிலிருந்து வந்த திரு. தோமஸ், எழும்பி வந்து தன் போனால் பலகையைப் படம் எடுத்தார். “எங்கட பதிவுக்காக” என்றார். தாலுகாவும் அந்தப் படத்துக்குள் போனது.

இப்போது, அதே வேலைக்கு மறுபடி விளம்பரம் போட்டு, அவளையும் மறுபடி அழைத்திருந்தார்கள்.

“இந்த முறை வாயைத் திறக்க முதல் ஒருக்கா யோசி, பிள்ளை,” என்றாள் அம்மா, மகளின் சீலைக் கொசுவத்தை இழுத்துவிட்டபடி. “நீ இந்தியாக் கதை கதைச்சுப்போடுவாய். மாதா எங்களுக்குக் காணியைத் திருத்தித் தந்தவ. இதையும் தருவா.”

அது உண்மை. போன மாதம் கிராம சேவையாளர் கூப்பிட்டு, உங்கள் குடும்பம் பதிவில் முருங்கனுக்கு மாறியிருக்கிறது, இந்த வருட வீட்டுத் திட்டத்தில் பெயர் வரக்கூடும் என்று சொல்லியிருந்தார். எப்படி மாறியது என்று அவருக்கும் தெரியவில்லை. அம்மா மடு மாதா கோயிலுக்குப் போய் ஒரு கட்டு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தாள்.

*

நிறுவனத்தின் கந்தோர் மன்னார் டவுனில் ஒரு மாடிவீடு. வாசலில் ஒரு கழுதை, யாரோ எறிந்த மட்டைப் பெட்டியை நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. மாடி விறாந்தையில் பிளாஸ்டிக் கதிரைகள். ஏற்கெனவே இரண்டு பேர் இருந்தார்கள்.

ஒருவர் முப்பது தாண்டியவர், கட்டைத் தாடி. “தங்கச்சி, உங்களைப் போன முறையும் இங்க கண்டனான் போல,” என்றார்.

“ஓம் அண்ணா.”

“அண்ணா இல்ல, நானா எண்டு கூப்பிடுங்க, எங்கட சனம் அண்ணனை அப்பிடித்தான் சொல்லும். அப்துல் ஹமீட். உப்புக்குளத்தில கொம்பியூட்டர் கடை வெச்சிருக்கன். உங்கட பேச்சில இந்தியா வாடை அடிக்குது. நானும் வெளியில, புத்தளத்திலதான் வளர்ந்தன். இங்க திரும்பிவந்த புதுசில மீன் விலை கேக்கத் தெரியாம நல்லாப் பேச்சு வாங்கினன். பழகிரும்.”

மற்றவன் வவுனியாப் பக்கத்திலிருந்து வந்த நிரூபன். வெள்ளைச் சேட்டுப் போட்டு, கழுத்தை அசைக்காமல் இருந்தான். டை இறுகிப்போயிருந்தது.

“தம்பி, அதைக் கொஞ்சம் இளக்கிவிடுங்க. கண் வெளியில வருது,” என்றார் ஹமீட்.

“அவிழ்ந்தா எனக்குத் திருப்பிக் கட்டத் தெரியாது. வீட்டுக்காரிதான் கட்டிவிட்டவ. விடிய பஸ் எண்டு நேற்றே கட்டிவிட்டா.”

“அதோடயே படுத்தீங்களா?”

“படுக்கேல்லை. கதிரையில இருந்தனான்.”

ஜெயகௌரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிரூபனும் சிரித்தான், கழுத்துக்கு மேலால் மட்டும். மனைவிக்கு இது பிள்ளை பெறுகிற மாதம், இந்த வேலை சரிவந்தால் நல்லது என்றான். பிறகு, “உள்ளுக்கு என்ன கேப்பினம்?” என்று கேட்டான்.

“கீறச் சொல்லுவாங்க,” என்றார் ஹமீட். “போன முறை நான் எங்கட சனத்தைக் கீறினன். சண்டையில இங்கயிருந்து விரட்டினதால எங்களுக்கு ரெண்டு ஊர். புத்தளத்தில கேட்டா மன்னாருக்குப் போ எண்டுவான், மன்னார்ல கேட்டா புத்தளத்துக்குப் போ எண்டுவான். அதனால ‘இருந்த ஊர்’, ‘இருக்கிற ஊர்’ எண்டு ரெண்டு பெட்டி போட்டு, நடுவில ஒரு வள்ளம் கீறிவிட்டன்.”

“வள்ளமோ?”

“பகிடிக்கு. இங்கயும் அங்கயும் போய்வர வேணுமே! பெரியவர் விழுந்து விழுந்து சிரிச்சார். படமும் எடுத்தார்.”

உள்ளேயிருந்து ஜெயகௌரியின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

*

அறையில் அதே மேசை, அதே வெண்பலகை, மேலே அதே காற்றாடி. திரு. தோமஸ் கொஞ்சம் வெயில் பட்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் பெற்றிசியா, மன்னார்க் கந்தோரில் பதிவுகளுக்குப் பொறுப்பானவர். போன முறையும் அவர்தான் இருந்தார். இந்த முறை அவர் ஜெயகௌரியின் முகத்தைப் பார்க்கவில்லை. மேசை விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

“இருங்கோ. உங்கட பட்டம் இந்தியாவில எடுத்தது, என்ன?” என்று தொடங்கினார் தோமஸ். “அதை இங்க ஆர் ஏற்றுக்கொள்ளுவினம்?”

“சமானப்படுத்தக் குடுத்திருக்கிறன், சேர். போன முறையும் சொன்னனான்.”

“கலியாணம்?”

“இல்லை.”

“கட்டினா வேலையை விட்டுட்டுப் போயிடுவீங்கள். நாங்கள் பழக்கிவிட்டு என்ன செய்யிறது?”

வெளியே டையோடு இருப்பவனிடம் இதைக் கேட்பார்களா என்று அவள் நினைத்தாள். அம்மா சொன்னது ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டாள்.

“சரி. வேலை விசயத்துக்கு வருவம்.” அவர் மடிக்கணினியைத் திறந்தார். சுவரில் வெளிச்சம் விழுந்தது. “எங்களுக்குப் புது முறைமை ஒண்டு வந்திட்டுது. கொழும்பில பெரிய ஆலோசகர்கள் கன மாசம் வேலை செய்து உருவாக்கினது. நல்ல வேலை. ஆனா நடைமுறையில சில சிக்கல். எங்கட பதியிற பிள்ளையள் இதில ஒரு பெட்டியில தடக்குப்படுகினம். நீங்கள் பாத்து என்ன பிழையெண்டு சொல்லுங்கோ.”

சுவரில் ஆட்கள் ஒரு பக்கம் இருந்தார்கள். குடும்பம் ஒரு பக்கம். காணி இன்னொரு பக்கம். தலைவர் ஒருவர், சொந்தக்காரி வேறொருவர், இடையே கோடு. அவள் கீறிய அதே சரிவில், அவள் கீறிய அதே ஒழுங்கில். பார்த்த முதல் கணத்தில் அவளுக்குச் சந்தோசம்தான் வந்தது. வழியில் தெரிந்த முகம் ஒன்றைக் கண்டது போல ஒரு சந்தோசம். பிறகு கண் கீழே இறங்கியது.

கிராமம்.

தாலுகா.

மாவட்டம்.

நடுவில் இருந்ததற்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு நட்சத்திரம். நிரப்பாமல் சேமிக்க முடியாது என்று அர்த்தம்.

“இந்தப் பெட்டிதான்,” என்றார் தோமஸ். “நிரப்பாட்டி விடுகுதில்லை. ஒருத்தர் மன்னார் எண்டு போடுறார், ஒருத்தர் தெரியாது எண்டு போடுறார். ஒரு பிள்ளை ‘ஓம்’ எண்டு போட்டிருக்குது.”

ஜெயகௌரி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூலையில் இரண்டு பெட்டிகள்: இருந்த ஊர், இருக்கிற ஊர். அவற்றுக்கு நடுவில் ஒரு சின்ன வள்ளம், நீல நிறத்தில், பாய் விரித்து, அழகாக வர்ணம் அடிக்கப்பட்டு. விறாந்தையில் இருக்கும் மனிதரின் பகிடியைக்கூட அவர்கள் விட்டுவைக்கவில்லை.

இவ்வளவு காலமும் நெற்றியில் அடித்துக்கொண்டது, சோற்றுப் பானைக்கு முன்னால் முகம் சூடாகி நின்றது, பூசையில் குனிந்து நின்றது எல்லாம் ஒன்றாக அவள் முன்னால் வந்து நின்றன. வேலை கிடைக்காததற்குக் காரணம் அந்தச் சொல் இல்லை. அந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டுபோய்க் கொழும்பில் சட்டை போட்டு, நட்சத்திரம் குத்தி, ஒரு மாவட்டத்துக்கே கட்டாயம் ஆக்கியிருக்கிறார்கள். மாதா எங்கே காணியைத் திருத்தினாள்? ஜெயகௌரி கீறிய கோடுதான் திருத்தியிருக்கிறது. அம்மா கொளுத்திய மெழுகுதிரி அவ்வளவும் இந்தச் சுவருக்கல்லவா எரிந்திருக்கிறது!

“சேர், நான் ஒண்டு கேக்கலாமோ?”

“கேளுங்கோ.”

“தாலுகா எண்டா என்ன?”

தோமஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அது வந்து… நிர்வாக அலகு. மாவட்டத்துக்குக் கீழ வாறது.”

“எந்த நாட்டில?”

பெற்றிசியாவின் விரல் மேசை விளிம்பில் நின்றுவிட்டது.

“மன்னாரில தாலுகா எவடத்தில இருக்கு, சேர்? அங்க பஸ் போகுதோ? இந்த நாட்டில எங்கயாவது இருக்கோ? உங்கட பெரிய ஆலோசகர்கள் கன மாசம் இருந்து செய்ததெண்டு சொன்னீங்கள். ஒராள் கூட இது எங்கட நாட்டுச் சொல்லில்லை எண்டு பாக்கேல்லையோ?”

“அதைத்தானே பிழையெண்டு உங்களிட்டைக் கேக்கிறம்…”

“அது என்ரை பிழை. நான் எழுதினது. போன வருசம், இந்தப் பலகையில, இந்தக் கையால. நீங்கள் படம் எடுத்தனீங்கள்.”

காற்றாடி கறகறத்தது. தோமஸ் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். அவருடைய குரல் பள்ளிக்கூடத்துக் குரலாகிவிட்டது.

“பிள்ளை, உதெல்லாம் பொதுவான எண்ணங்கள். காணி, குடும்பம் எண்டு பிரிக்கிறது ஆருக்கும் வரக்கூடியதுதான். நேர்முகப் பரீட்சையில கனபேர் கன விசயம் கதைப்பினம்.”

“காணியும் குடும்பமும் ஆருக்கும் வரலாம். தாலுகா ஆருக்கு வரும்? யாழ்ப்பாணத்தில ஆரும் அதை எழுதுவினமோ? கொழும்பில எழுதுவினமோ? முகாமில வளர்ந்து, வந்த கையோட உங்களுக்கு முன்னால நடுங்கிக்கொண்டு நிண்ட ஒருத்திதான் அதை எழுதுவாள். திருடினவைக்குத் திருடின சாமான் என்னெண்டும் தெரியேல்லை. அந்த வள்ளம் வெளியில இருக்கிற ஹமீட் நானாவின்ரை. அவருக்காவது சொன்னீங்களோ, உம்மட வள்ளம் ஓடுதெண்டு?”

“வார்த்தையைப் பாத்துக் கதைக்கோணும்.”

“போன முறை இந்த வேலைக்கு ஆரை எடுத்தனீங்கள், சேர்?”

பெற்றிசியா முதல்தடவையாக நிமிர்ந்து பார்த்தார். “ஒருத்தரையும் எடுக்கேல்லை,” என்றார், மிக மெதுவாக. “அதுக்கு முந்தின முறையும் எடுக்கேல்லை.”

தோமஸ் அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளி எழும்பி, மேசையைச் சுற்றிவந்து, வேறு ஆளாகச் சிரித்தார்.

“சரி, விடுங்கோ. கோபம் வாறது நியாயம். இந்த முறை ஒருத்தருக்கு நியமனம் கட்டாயம் இருக்கு. உங்களுக்குத் தகுதி இருக்கெண்டு எனக்குத் தெரியுது. இன்னொரு சிக்கல் இருக்கு: ஒரே குடும்பம் இரண்டு தரம் பதிவாகுது. தகப்பன்ர ஊரிலயும் வருது, தாயின்ர ஊரிலயும் வருது. அதை எப்பிடி ஒண்டாக்கிறதெண்டு கீறிக் காட்டுங்கோ. இது சரிவந்தா மிச்சத்தை நான் பாத்துக்கொள்ளுறன்.”

மாக்கர் பேனையை நீட்டினார். அவள் அதை வாங்கி மூடியைக் கழற்றினாள்.

பலகை வெறுமையாக, ஈரம் துடைத்த வெள்ளையாக நின்றது. அதற்கு முன்னால் நின்றதும் விடை அவளுக்குத் தெரிந்தது. யோசித்து வரவில்லை, விடியப்புறம் யன்னலைத் திறந்தால் முற்றம் தெரிவது போல முழுதாகத் தெரிந்தது. எங்கிருந்து தொடங்குவது, எந்தக் கோட்டை எங்கே கொண்டுபோய் முடிப்பது, எந்த இடத்தில் தாயையும் தகப்பனையும் ஒரே கூரைக்குள் கொண்டுவருவது என்று எல்லாம். கை அரித்தது. கீறினால் வேலை கிடைத்தாலும் கிடைக்கலாம். அம்மா இன்னுமொரு கட்டு மெழுகுதிரி வாங்குவாள். முனையைப் பலகையில் வைத்துவிட்டாள். ஒரு நீலப் புள்ளி விழுந்தது.

தோளுக்கு மேலால் அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். எதற்கென்று அவளுக்கே தெரியாது. தோமஸின் போன் அவர் கையில் இருந்தது. அதன் திரையில் வெண்பலகை தெரிந்தது. ஒரு புள்ளியோடு, சின்னதாக, தயாராக.

அவள் அந்தப் புள்ளியைப் பெருவிரலால் அழித்தாள்.

“சேர், தாலுகாவுக்குப் பக்கத்தில இருக்கிற நட்சத்திரத்தை எடுத்துவிடுங்கோ. அந்தப் பேரை வெட்டிப்போட்டு, பிரதேச செயலாளர் பிரிவு எண்டு போடுங்கோ. அவ்வளவுதான். சனம் காத்துக்கொண்டிருக்குது, அதால சொல்லுறன். அது என்ரை பிழை, அதைச் சும்மா திருத்தித் தாறன்.” பேனையை மேசையில் வைத்தாள். “மிச்சம் எல்லாம் என்ரை சரி. அதுக்கு நியமனக் கடிதம் தாங்கோ. கடிதம் கைக்கு வந்தாப்பிறகு கீறுறன்.”

“நாங்கள் அறிவிப்பம்,” என்றார் தோமஸ்.

“போன முறையும் இதைத்தான் சொன்னனீங்கள்.”

*

அவள் விறாந்தைக்கு வந்தாள். ஹமீட் எழும்பித் தன் கதிரையைத் தள்ளிக் கொடுத்தார். அவள் இருந்தாள். இருந்து, எல்லாவற்றையும் சொன்னாள். காணியைச் சொன்னாள், தாலுகாவைச் சொன்னாள், வள்ளத்தைச் சொன்னாள்.

ஹமீட் வள்ளத்தில் நின்றுவிட்டார். “பாயும் விரிச்சிருக்காங்களா?”

“ஓம் நானா. நீலப் பாய்.”

“நான் பாய் போடல்லயே,” என்றார் அவர். சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. “எங்கட சனம் எல்லாருக்கும் பதிவு ரெண்டு இடத்திலயும் இப்ப தடங்கலில்லாமப் போகுது. நானும் நினைச்சன், பரவாயில்லயே, யாரோ மண்டையுள்ள ஆள் வந்திட்டான் எண்டு. அவனைக் கண்டா தேத்தண்ணிக் கடையில ஒரு பிளேன்டி வாங்கிக் குடுக்கணும் எண்டு கடையில சொல்லிக்கொண்டு திரிஞ்சன்.”

“இப்ப நீங்களே வாங்கிக் குடிக்க வேண்டியதுதான்,” என்றான் நிரூபன். பிறகு குரலைத் தாழ்த்தி, “அக்கா, நான் கீறாட்டி எனக்கு இந்த வேலை இல்லை,” என்றான்.

“கீறினாலும் இல்லைத் தம்பி. இது வேலைக்கு ஆள் எடுக்கிற இடமில்லை. எங்களை ஒவ்வொருத்தராக் கூப்பிட்டுக் கறக்கிற இடம்.”

“சில வேளை எனக்குத் தருவினம்.”

அவளுக்கு அவன் மேல் கோபம் வரவில்லை. அந்த ‘சில வேளை’யைத்தான் அவளும் கொஞ்சத்துக்கு முன் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். “கீறுங்கோ,” என்றாள். “அவர் படம் எடுக்க முதல் கையால அழிச்சுப்போடுங்கோ. திறமையைப் பாக்கிறதெண்டால் கண்ணால பாத்தாப் போதும்தானே?”

ஹமீடைக் கூப்பிட்டார்கள். அவர் சேட்டின் கையை முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டு போனார், மீன் வெட்டப் போகிறவரைப் போல. பலகையில் மாக்கர் கிறீச்சிடுவது கேட்டது. பிறகு தோமஸின் குரல் உயர்ந்தது. “என்ன மிஸ்டர் ஹமீட், என்ன செய்யிறீங்கள், பாத்துக்கொண்டெல்லோ இருக்கிறம்!” கதவு திறந்தது. ஹமீடின் உள்ளங்கை முழுவதும் நீலமாக இருந்தது. அவர் அதை விரித்து இருவருக்கும் காட்டினார்.

“வள்ளம் கடலுக்குள்ள தாண்டு போச்சு,” என்றார்.

நிரூபன் போய் நெடுநேரம் வரவில்லை. ஜெயகௌரி கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் வந்தபோது இரண்டு பேரும் முதலில் அவன் கைகளைத்தான் பார்த்தார்கள். வெள்ளையாக, சுத்தமாக இருந்தன.

நிரூபன் டையின் முடிச்சைப் பிடித்து ஒரே இழுவையில் அவிழ்த்தான்.

“மாக்கர் எழுதேல்லை,” என்றான். “ஹமீட் நானா எழுதி முடிச்சாப்பிறகும் மேசையில காத்தாடிக்குக் கீழ மூடி இல்லாமக் கிடந்திருக்கு. நல்லாக் காஞ்சு போச்சு. மூடியைத் தேடினம், கிடைக்கேல்லை. பெரியவர் என்னை வாயால சொல்லச் சொன்னார். சொன்னால் அவருக்கு விளங்கேல்லை.” டையைச் சுருட்டிச் சேட்டுப் பையில் வைத்தான். “எழுதியிருந்தா நான் என்ன செய்திருப்பனோ தெரியாதக்கா. பொய் சொல்ல மாட்டன்.”

ஜெயகௌரி தன் இடது கையை அப்போதுதான் கவனித்தாள். அறைக்குள்ளிருந்து வந்ததிலிருந்து அது பொத்தியபடியே இருந்தது. விரித்தாள். நீல மூடி உள்ளங்கையில் பதிந்து, ஒரு வட்டம் சிவந்துபோயிருந்தது.

ஹமீட் முதலில் சிரித்தார். பிறகு மூன்று பேருக்கும் அடக்க முடியவில்லை. அந்தச் சிரிப்புக்கு நடுவில் கதவைத் திறந்துகொண்டு பெற்றிசியா வந்தார். கையில் சில்லறையும் கைப்பையும். கீழே கடைக்குப் போகிறார் என்று தெரிந்தது. ஜெயகௌரியின் கையில் இருந்ததைப் பார்த்தார். கேட்கவில்லை.

“புது மாக்கர் வாங்கிக்கொண்டு வரட்டாம்,” என்றார். “மத்தியானத்துக்குப் பிறகு இன்னும் ஆக்கள் வருவினம். மூண்டு பேர். ஒருத்தி முள்ளிக்குளத்துப் பிள்ளை, நல்ல கெட்டிக்காரியாம்.” படியில் இரண்டு அடி இறங்கியவர் நின்றார். “கடை தூரம். நான் ஆறுதலா, மெல்லத்தான் வருவன்,” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

ஹமீட் தன் நீலக் கையைக் கழுவாமலே பிளேன்டிக்கு நிரூபனைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். “வாங்க தங்கச்சி. முருங்கன் பஸ் எடுக்க நேரம் இருக்கு.”

“நீங்கள் போங்கோ நானா. எனக்குக் கடதாசியில சுத்தி ஒரு வடை கொண்டுவாங்கோ.”

“ஏன், இங்க என்ன வேலை?”

அவள் பதில் சொல்லாமல் கதிரையைத் தூக்கிப் படி ஏறுகிற இடத்துக்கு நேரே போட்டுக்கொண்டு இருந்தாள். மூடியைக் கைப்பைக்குள் வைத்துப் பூட்டினாள். உள்ளே தோமஸ் யாரோடோ போனில் கதைப்பது கேட்டது. இரண்டு முறை கதவைத் திறந்து, அவள் இன்னும் இருப்பதைப் பார்த்து, “இன்னும் போகேல்லையோ?” என்றார். “பஸ் இல்லை சேர்,” என்றாள் அவள். கீழே ஒவ்வொரு பஸ்ஸாகக் கோர்ன் அடித்துக்கொண்டு போனது.

வெயில் விறாந்தையில் பாதிக்கு ஏறியபோது படியில் செருப்புச் சத்தம் கேட்டது. நெஞ்சோடு சான்றிதழ்க் கோவையை அணைத்துப் பிடித்தபடி ஒரு பெண் வந்தாள். நெற்றி வியர்த்திருந்தது, உதடுகள் அசைந்துகொண்டிருந்தன, எதையோ பாடமாக்கி வந்தவள் போல.

“அக்கா, இன்ரவியூ இஞ்சையோ?”

“ஓம் தங்கச்சி, இஞ்சைதான்,” என்றாள் ஜெயகௌரி. பக்கத்துக் கதிரையின் தூசியைக் கையால் தட்டிவிட்டாள். “இருங்கோ. முதல்ல என்னோட கதைச்சிட்டுத்தான் உள்ளுக்குப் போகோணும்.”